ஐஸுக்குள் போன மருந்து

என் தம்பிக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் கௌரவம். மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறான். முழ நீள ஊசியைப் பஞ்சுக்குள் விட்டு மறுபக்கம் இழுக்கிற கை அவனுடையது. அந்தக் கைக்காரன்தான், தன் மகள் நகத்தளவு ஊசியை வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "எங்க வம்சத்துலயே சர்க்கரை கிடையாது" என்று அவரிடம் மல்லுக்கு நின்றான்.

கிடையாதாம்! எங்கள் அப்பாவுக்குக் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். செருப்பு கடித்தது என்று சொல்லிக்கொண்டோம். பெரிய அத்தைக்குக் கண் போனது. வெயில் என்றோம். சின்னச் சித்தப்பா முப்பத்தெட்டு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். அது வேலைக் களைப்பு. செருப்பும் வெயிலும் களைப்பும் தவிர வேறு நோயே அண்டாத வம்சம்.

மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. அந்த முறை சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை. இந்த முறை அவள் நாளுக்கு நாலு தடவை விரலைக் குத்தி நோட்டில் எழுதினாள். சோற்றைக் கிண்ணத்தில் அளந்து சாப்பிட்டாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை என்பதால் அப்பன் வீட்டில் இருந்தாள். இன்சுலின் குப்பி ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு ஞாயிறு, அவள் மதிய ஊசி போட்டுச் சாப்பிட்ட பிறகு, அவளுடைய மாமனார் வீட்டார் வந்தார்கள். நானும் இருந்தேன். ஜூஸுக்கு ஐஸ் எடுக்க எழுந்தேன்.

"நீ உட்காருக்கா, நான் எடுக்கறேன்" என்றான் கௌரவம்.

அறுபது வயது வரைக்கும் தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காதவன்! எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

அன்று இரவிலிருந்து நோட்டில் எண்கள் ஏறின. நூற்றுப்பத்தில் நின்றது இருநூற்று இருபதுக்குப் போனது, பிறகு இருநூற்று அறுபது.

"திருட்டுத்தனமா என்னடி திங்குறே?" என்றான்.

"அளந்ததைத்தாம்ப்பா சாப்பிடறேன்."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

அளந்த சோற்றிலும் பாதியை ஒதுக்க ஆரம்பித்தாள். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே கிடந்தாள். மூன்றாம் நாள் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனும் வந்தான், மகளை நாலு வார்த்தை திட்டச் சொல்லி நர்ஸைக் கேட்பதற்கு.

நர்ஸ் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே துகள் துகளாக மிதந்தது.

"தெளிவா இருக்க வேண்டிய மருந்துங்க இது. ஐஸ்ல வச்சீங்களா? உறைஞ்சு போனா அப்புறம் வேலை செய்யாது."

கௌரவம் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினான்.

"அன்னைக்கு ஐஸ் எடுக்க நீ ஏன்டா எழுந்தே?" என்றேன்.

"சம்பந்தி கண்ல பட்டா என்ன நினைப்பாங்க? ஐஸ் தட்டுக்குப் பின்னால தள்ளி வச்சேன். அவங்க போனதும் வெந்நீர்ல வச்சு இளக்கிட்டேனே!"

இளக்கினானாம்! இளக்கி, துடைத்து, கதவில் வைத்துவிட்டுத்தான் மூன்று நாளாகப் பெற்ற மகளைத் திருடி என்றிருக்கிறான்.

மகள் அழவில்லை. "இந்தக் குழந்தையும் போயிருந்தா, செருப்பு கடிச்சதுன்னு சொல்லியிருப்பீங்களாப்பா?" என்றாள்.

நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள். குதிரை ஓடுகிற மாதிரித் துடிப்பு கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. புதுக் குப்பியோடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு சம்பந்தியம்மா மறுபடி வந்தார், இந்த முறை சாப்பாட்டுக்கு. மகள் குப்பியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்து, மருந்தை ஏற்றி, எல்லோரும் பார்க்க வயிற்றோரம் போட்டுக்கொண்டாள். கௌரவத்தின் முகம் செத்துப்போனது.

"அடடா, நீயும் போடறியாம்மா?" என்ற சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்து தன்னுடைய ஊசியை எடுத்தார். "போன வாரம் உங்க பாத்ரூம்ல நின்னுக்கிட்டுப் போட்டேன். உங்கப்பா என்ன நினைப்பாரோன்னு."

பிள்ளை மூன்று கிலோ, முழுசாகப் பிறந்தது. "எங்க வம்சத்து உடம்பு" என்று கௌரவம் கண்டவரிடமெல்லாம் அளக்கிறான். கடையில் ஒரு மணி நேரத்தில் நாலு சொம்பு தண்ணீர் குடிக்கிறான், நாலு தடவை எழுந்து போகிறான். கேட்டால், பஞ்சுத் தூசியாம்.