காட்டுமாடு ஏன் வந்தது?

சென்ற ஆண்டு மழைக்காலம். கொடைக்கானலுக்கு மேலே ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்து பாடம் நடத்துங்கள், அதற்கு ஏஐ உதவும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். தமிழில் தட்டினால் தமிழிலேயே பதில் கேள்வி கேட்குமாம். எனக்குச் சந்தேகம். பால்காரரையே டம்ளரை ஆட்டிப் பார்த்துத்தான் நம்புகிற ஆள் நான். ஊர் பேர் தெரியாத இதை எப்படி நம்புவது?

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்போது எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. தினமும் காலையில் பள்ளிக்கு வரும் வழியில் காட்டுமாடு நின்றது. முந்தின வாரம்தான் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பயந்து ஓடி, விழுந்து கையை முறித்துக்கொண்டாள். சிலர் பிள்ளைகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். காட்டுமாடு ஏன் வருகிறது என்று தட்டினேன்.

புல்வெளி குறைந்தது, அந்நிய மரங்கள் பெருகின என்று அடுக்கியது. யாரோ எழுதியதை ஒப்பிக்கிறது என்று நினைத்தேன். அடுத்து, பள்ளியை ஒட்டி மாட்டுக்குச் சுலபமாகத் தீனி கிடைக்கிறதா என்று கேட்டது. என்ன திமிர், நம் மேலேயே பழி போடப் பார்க்கிறதே என்று எரிச்சல். "இல்லை" என்று தட்டினேன். அது போட்டுக் கொடுத்த அம்புக்குறிப் படத்தை மறுநாள் வகுப்பில் அப்படியே கரும்பலகையில் வரைந்தேன்.

மாவுக்கட்டோடு வந்திருந்த அதே சிறுமி எழுந்தாள். "டீச்சர், சத்துணவுக்கு நறுக்குற கேரட் தழ, முட்டைக்கோசு எலையெல்லாம் சொவத்துக்கு அங்கிட்டு கொட்டிக் கெடக்குல்ல? வெள்ளனே அதத் திங்கத்தான் வருது. அதுக்கு அம்பு போடலையே?"

யார் அங்கே கொட்டச் சொன்னது என்று சமையல்கார அக்காவிடம் பாய்ந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். "குப்பைக் குழி நாறுது, மூடுங்கன்னு நீங்கதானங்க டீச்சர் சொன்னீங்க. அதான் அங்கிட்டுக் கொட்டுறோம்."

என் வகுப்பு ஜன்னலுக்கு நாற்றம் வருகிறதென்று சொன்னது நான்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அன்றே வேறு இடத்தில் ஆழமாகக் குழி வெட்டினோம். சில நாட்களில் மாட்டின் வரவு குறைந்தது. சிறுமியின் வீட்டுக்குப் போய், என்னால் வந்த வினைதான் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். "எலும்பு வெரசாக் கூடிரும், விடுங்க டீச்சர்" என்று காபி கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இப்போதும் அந்தக் கருவியை நான் முழுசாக நம்புவதில்லை. ஆனால் அது கேட்கிற கேள்விக்கு "இல்லை" என்று தட்டும் முன், எழுந்து போய் ஒருமுறை சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.