கிழிந்த சத்தம்

வீட்டுக்காரர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போன பிறகு மைக் செட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ். பாக்ஸ் இரண்டும் அவர் முதல் லீவில் வந்தபோது மெட்ராஸில் வாங்கி வந்தது. அதற்கு முன் எங்களிடம் புனல் ஸ்பீக்கர்தான். பாக்ஸ் வந்த பிறகுதான் கல்யாணக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ரேணிகுண்டாவில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட் ஒன்று. அந்த ஷெட்டுக்காரர் மகன் ஒரு நாள் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து செட் கேட்டான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தோள் வரை முடி.

"இன்னா விசேஷம்?"

"விசேஷம்லாம் இல்லக்கா. பாட்டுதான். கிடார், டிரம்ஸ்னு மூணு பாண்டு வருது."

"சினிமா பாட்டா, சாமி பாட்டா?"

"எங்க பாட்டு. நாங்களே கட்டினது."

சாவுக்குக்கூட செட் எடுப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு எடுத்து நான் பார்த்ததில்லை. சந்தேகம் அன்றைக்கே வந்துவிட்டது. மறுநாள் காலையில் காணிப்பாக்கத்தில் கல்யாணம். அதற்கும் இதே பாக்ஸ்தான். இரண்டில் ஒன்று போனாலும் அந்த மண்டபத்துக்காரர் வேறு செட்டைப் பார்த்துக்கொள்வார். தெரிந்தும் ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் டெம்போவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். பாதி கட்டின லாரி ஒன்றை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"எங்க குந்துவீங்க?" என்று கேட்டேன்.

"நின்னுகினுதான் கேப்போம்க்கா."

கொழுந்தன் என் காதில் சொன்னான்: "அண்ணி, தண்ணி பார்ட்டி மாதிரிகீது. ஒயர் மேல ஒரு கண்ணு வெச்சுக்க."

மோந்து பார்த்தேன். பெயின்ட்டும் தின்னரும்தான் அடித்தது. அதற்குப் பின்னால் வேறு வாசனை இருக்குமோ என்று இன்னொரு தரம் மோந்தேன்.

எங்கே செட் கட்டினாலும் முதலில் பிள்ளையார் பாட்டு. அது வழக்கம். கேசட்டைப் போட்டேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். டிரம்ஸ் அடிக்கிற பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நடிக்கிறான் என்று நினைத்தேன்.

முதல் பாண்டு ஏறியது. ஷெட்டுக்காரர் மகன்தான் கிடார். கம்பியைத் தட்டினான். கர்ரென்றது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பாக்ஸுக்குள் காகிதத்தில் கோன் இருக்கும். அது அதிர்ந்துதான் பாட்டு வரும். அது கிழிந்தால் இப்படித்தான் கர்ரென்னும். உடனே ஆஃப் செய்தேன்.

"ஏன்க்கா கட் பண்ணீங்க?"

"இன்னாடா பண்ண என் பாக்ஸ? கோன் கிழிஞ்சிடுச்சு."

"கிழியலக்கா. சத்தமே அதான்."

பிள்ளையார் பாட்டைத் திரும்பப் போட்டேன். சுத்தமாக வந்தது. அவன் தரையில் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் காட்டினான். காலால் மிதித்தான், கர்ரென்றது. திரும்ப மிதித்தான், கிடார் நல்ல பிள்ளையாகப் பேசியது.

"கிழிஞ்ச சத்தத்த யாருடா ஆசப்பட்டு கேப்பான்?"

"நாங்கதான்."

கொழுந்தன் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, வீட்ல ஓட்டப் புனலு ஒண்ணு கெடக்குதே, அத்த எடுத்தாந்திருந்தா இவனுங்க நமக்கு மால போட்டிருப்பானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அப்ப நெஜமாவே கிழிஞ்சா எனக்கு எப்டித் தெரியும்?"

அவன் யோசித்தான். "தெரியாதுக்கா" என்றான்.

ஒரு ஏற்பாடு சொன்னேன். ஒவ்வொரு பாண்டும் முடிந்ததும் பிள்ளையார் பாட்டு போடுவேன். சுத்தமாக வந்தால்தான் அடுத்த பாண்டு. அவன் சரி என்றான். கூட்டத்திலிருந்து "கானீ அக்கா, கானீ!" என்று கத்தினார்கள். நடக்கட்டும் என்று தெலுங்கில்.

முதல் பாண்டு முடிந்தது. பாட்டு போட்டேன். சுத்தம். கூட்டமே கை தட்டிக்கொண்டு கூடப் பாடியது.

இரண்டாவது பாண்டு வேறு மாதிரி. தகரக் கூரை அதிர்ந்தது. பையன்கள் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து குதித்தார்கள். முடியும் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. பாட்டு நடக்கும்போதே இடது பாக்ஸின் முன்பக்க வலையை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். கோன் மேல் உள்ளங்கையை வைத்தேன். கன்றுக்குட்டி வயிறு மாதிரி துடித்தது. யாரோ முதுகில் இடித்தார்கள். அவசரமாக வலையை மூடினேன்.

முடிந்ததும் பிள்ளையார் பாட்டு. இடது பாக்ஸ் கரகரத்தது.



மூன்றாவது பாண்டு பலமனேர் வழியாக பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். கிடாரை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"ஒரு பாக்ஸ்லயே வாசிச்சுக்கறோம்க்கா. நாலே பாட்டு."

"அதையும் கிழிக்கவா?"

ஒயரைப் பிடுங்கினேன். ஷெட்டுக்காரர் மகன் தலை குனிந்து நின்றான். பெங்களூர்ப் பையன்கள் கிடாரை உறையில் போட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

காணிப்பாக்கத்தில் ஒரு பாக்ஸை வைத்து ஓட்டினேன். பந்தியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. மண்டபத்துக்காரர் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை பாக்ஸை வெயிலில் வைத்துப் பிரித்தேன். அதிர்வில் போகிற கோன் ஓரத்தில் வட்டமாகக் கிழியும். இது நடுவில், நேராக, அரை இஞ்ச் நீளம். ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

கொழுந்தனிடம் சொல்லவில்லை. குவைத்துக்கு எழுதின கடிதத்திலும் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஷெட்டுக்காரர் மகன் வந்தான். பெங்களூரில் தேடி ஒரு புதுக் கோன் வாங்கி வந்திருந்தான். அவனிடம் சொன்னேன்.

"நீங்க கிழிக்கல. என் ஸ்க்ரூ டிரைவர் பட்டுதான் போச்சு."

என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"எங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்றீங்க."

"இல்லடா. நெஜம்."

"பரவாயில்லக்கா" என்றான். நம்பவில்லை. கோனை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

பிரித்துப் பார்த்தேன். என் பாக்ஸில் இருப்பது பன்னிரண்டு இஞ்ச் கோன். அது பதினைந்து இஞ்ச்.