பல வண்ணக் கீபோர்டும் அக்காவின் கண்ணும்

சாமான்களைப் பற்றி மதிப்புரை எழுதுவதுதான் என் பிழைப்பு. சென்னையில் ஒரு ஆன்லைன் கடை, சாமானை அனுப்பிவைக்கும். பத்து நாள் புழங்கிப் பார்த்து, நல்லது கெட்டதை எழுதிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த முறை வந்தது ஒரு சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு. பக்கத்தில் எண் கட்டைகள் கிடையாது, அம்புக்குறிகள் கிடையாது. பழைய டைப்ரைட்டர் போல நாலைந்து வரிசைதான். அடியில் விளக்கு. ஒவ்வொரு கட்டைக்கும் வேண்டிய நிறத்தை நாமே வைத்துக்கொள்ளலாமாம். ‘இது டைப் அடிக்கவா, தேர்பவனிக்கா?’ என்று முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரியில் அதன் சத்தத்தைத் திட்டினேன். மரக்காணத்தில் எங்கள் தெருவில் அடுத்த வீட்டில் யார் இருமினாலும் கேட்கும். இது டக் டக்கென்று தெருவையே எழுப்பியது.

அக்கா அப்போது என்னோடுதான் இருந்தாள். இருபது கோடைக்கு மேல் உப்பளத்தில் வேலை செய்தவள். உப்பின் மேல் வெயில் பட்டு அடிக்கிற வெள்ளையில் அவள் கண் கெட்டுப்போயிருந்தது. பளிச்சென்று எதைப் பார்த்தாலும் நீர் கொட்டும். இனி உப்பளமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடினார். பெயர்களை எல்லாம் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். ஆசையாகப் போனாள். கோயில் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு மணி நேரம் அடித்ததில் பாதி எழுத்து விழவில்லை, கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். சாமியார் நல்ல மனிதர். “சனிக்கிழமை இன்னொரு தடவ வாங்கம்மா, பாக்கலாம்” என்றாராம். அந்த ‘பாக்கலாம்’ எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாதா?

“இதுவும் போச்சுன்னா நான் எங்கடி போறது?” என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் அந்த விளக்குகள் மேல் எனக்குத் திடீர் மரியாதை வந்தது. கண்ணுக்கு ஒத்துவருகிற ஒரு நிறம் கிடைத்துவிட்டால் போதுமே! ஜன்னலைச் சாத்திவிட்டு அவளைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தேன். நீலம் வைத்தால் குத்துகிறது என்றாள். மஞ்சளைக் கொஞ்சம் மங்க வைத்தேன், பச்சையை வைத்தேன், ஆரஞ்சை வைத்தேன். மூன்று நாள் இதே கூத்து.

“உனக்கு எதுதான்க்கா புடிக்கும்?” என்று கத்திவிட்டேன்.

“மொதல்ல அந்த லைட்ட அமத்துடி! மூணு நாளா மூஞ்சில டார்ச் அடிச்சிட்டு இருக்கற. கட்டையப் பாத்து அடிக்கறதுக்கு நான் என்ன லோயர் பெயிலா?”

அணைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “ஏதாவது படி” என்றாள். கீபோர்டு வந்த அட்டைப்பெட்டியில் இருந்த இங்கிலீஷைப் படித்தேன். கண்ணைத் திறக்காமலே அடித்துக்கொண்டு போனாள். ஒரு பிழை இல்லை.

“அப்புறம் ஏன் ஆபீஸ்ல அப்படி ஆச்சு?”

“அதுல எழுத்து விழுதா இல்லையான்னே தெரியலடி. சத்தமே இல்ல. ஒவ்வொரு தடவயும் ஸ்கிரீனப் பாக்க வேண்டியதா போச்சு. இதுல விழுந்தா காதுக்குத் தெரியுது.”

உப்பளத்தில் வெயில் ஏறிய பிறகு யாரும் கண்ணை முழுசாகத் திறந்து வேலை செய்வதில்லை. முக்கால்வாசி மூடிக்கொண்டுதான் உப்பை வாருவார்கள். வாருகிற பலகை உப்பில் போகிறதா, அடி மண்ணைத் தொடுகிறதா என்பதைச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கா வாரிய உப்பில் மண் இருந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. அவளுக்குத்தான் நான் மூன்று நாளாக விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். நல்ல அறிவு எனக்கு! வெட்கமாக இருந்தது.

கீபோர்டைத் திருப்பப்போவதில்லை, எனக்குத் தரும் காசில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கடைக்கு எழுதிப் போட்டேன். சனிக்கிழமை காலை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பினாள். பதிவேட்டின் மங்கின கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் ஒருவர்தான். அவர் உரக்கப் படிக்க, அவள் அடிக்க வேண்டும். எனக்கு வேலை ஓடவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மதியம் திரும்பி வந்தாள்.

“சாமியார் என்னக்கா சொன்னாரு?”

“திங்கக்கெழமையிலருந்து வரச் சொல்லிட்டாரு.”

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உபதேசியார் படிச்சுக்கிட்டே வந்தாரு. நடுவுல எம் பேரு வந்துச்சு. அப்பா பேரு, அம்மா பேரு, எம் பேரு. காலைலருந்து கண்ண மூடியேதான் அடிச்சேன். அது வந்தப்ப மட்டும் தொறந்து ஸ்கிரீனப் பாத்துட்டேன்டி.”

“கூசுச்சாக்கா?”

“கூசல” என்றாள். “ஆனா தண்ணி வந்துச்சு.”