காலிக்குடத்துக்குப் பயந்தவர்கள்

குற்றாலத்துக்காரர்களுக்குத் தாகம் என்றால் என்னவென்று தெரியாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நாங்கள் நான்கு பேர் ஒரு பங்குனி வெயிலில் செத்துப் பிழைத்ததற்கு இதுதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் நீர்விட்டு நிற்கும். தண்ணீர் எங்களுக்கு ஒரு தொந்தரவு. அதைக் குடத்தில் சேர்ப்பதும் கூடவே சுமந்துகொண்டு போவதும் கிழக்கே கரிசல் ஊர்க்காரர்கள் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தோம். பங்குனியில் அருவிப் பாறை காய்ந்து கிடக்கும். அப்போதும் எங்கள் பெருமை மட்டும் வற்றாது. அதிலும் என் மாமாவின் பெருமை இருக்கிறதே, அது வருஷம் முழுக்கக் கொட்டுகிற அருவி.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். அண்ணனுக்கு அதுவரை மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. முதல் வீட்டில் மாமா, ஐந்தருவியில் ஒரு கிளை எங்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்றார். இரண்டாவது வீட்டில், தென்காசி வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்த அண்ணனை வருகிற தையில் வக்கீலாகப் போகிறவன் என்றார். மூன்றாவது வீட்டில் பொய் ஒன்றும் சொல்லவில்லை; அவர்கள் வைத்த ரசத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று பெண்ணின் தாயாருக்கு விளக்கினார். அத்தோடு அது முடிந்தது.

நாலாவது பெண்ணை அண்ணனே கண்டுபிடித்தான். முந்தின சாரலில் கடைத்தெருவில் அவன் குடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் ஒரு பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. அவள் திரும்பி, "குடை பிடிக்கத் தெரியாதவங்க எதுக்குக் குடை எடுத்துட்டு வாறீய?" என்று கேட்டாளாம். அண்ணன் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் மட்டும் சொன்னான். திட்டு வாங்கியவன் முகம் மாதிரியே இல்லை. தங்கையானாலும் அவனுக்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆகவே அந்த முகம் என்ன முகம் என்று எனக்குத் தெரியும். விசாரித்ததில் பெண் பண்பொழிப் பக்கம் ஒரு சின்ன ஊர். தகப்பனார் வயல்காரர். இதுவும் போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவன் அதிகம் பேசாதவன். சொன்னால் செய்வான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முப்பதுகளில் செங்கோட்டையும், பெண்ணின் ஊர் உட்பட அதைச் சுற்றிய ஊர்களும் திருவிதாங்கூர் ராஜாவுடையவை. குற்றாலமும் தென்காசியும் வெள்ளைக்காரன் சீமை. நடுவில் வண்டிப்பாதையில் ஒரு சவுக்கை, அதாவது சுங்கச்சாவடி, உண்டு. புகையிலை கடத்துகிறார்களா என்று மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிற சேவகன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பான். அந்தச் சேவகன் பெண் வீட்டாரின் ஊர்க்காரன் என்பதும், அவன் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்பதும் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. பெண் பார்க்கப் போவதை நாங்கள் யாரிடமும் மூச்சு விடமாட்டோம். படிந்தால் ஊருக்குச் சொல்லலாம். படியாவிட்டால் போனதே இல்லை என்று இருந்துவிடலாம். ஏற்கெனவே மூன்று இடத்துக்குப் போகாதவர்கள் நாங்கள்.

"சவுக்கைப் பக்கமே போவண்டாம். குத்துக்கல்வலசை வழியா இலத்தூர் போயி, அங்கன இருந்து பொட்டல்ல எறங்கிட்டா ஒரு பயலுக்கும் தெரியாது" என்றார் மாமா.

போனது மாமா, அவர் பெண்சாதியான என் அத்தை, அண்ணன், நான். அம்மா வரவில்லை. தாலியறுத்தவள் முன்னால் வரக்கூடாதாம். பெற்றவளைவிட நல்ல சகுனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் எரிச்சல், இன்றைக்கும் எரிச்சல். அந்த அம்மாதான் உள்ளே நின்றுகொண்டு ஒரு வெண்கலச் செம்பு நிறையத் தண்ணீரை நீட்டினாள். அத்தை அதை வாங்கவில்லை.

"மதினி, பாதி வழியில குடிச்சுத் தீத்துருவோம். அப்புறம் வெறுஞ்செம்பத் தூக்கிக்கிட்டா பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்லுதீய? காலிக்குடம் எதுக்க வந்தாலே காரியம் உருப்படாது. நாமளே கொண்டு போனா?"

"குடிச்சிட்டுச் செம்ப வழியில போட்டுட்டுப் போங்களேன்" என்றாள் அம்மா.

"வெண்கலச் செம்பையா!" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தாள்.

"குத்தாலத்துக்காரன் தண்ணி செமக்கவா? போற வழியெல்லாம் கொளம்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். சகுனமும் பெருமையும் ஒரே பக்கம் சேர்ந்தபின் அறிவுக்கு அங்கே என்ன வேலை? தேங்காய், வாழைப்பழம், ஆரஞ்சு, கற்கண்டு, வெற்றிலை பாக்கு, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகை, எல்லாம் கட்டிக்கொண்டோம். வழிக்குப் புளிச்சோறு. தண்ணீர் மட்டும் கிடையாது.

பொட்டலில் நடக்க ஒரு முறை இருக்கிறது. வெயில் ஏறுமுன் பாதி தூரம் போய்விட வேண்டும். தலையிலும் காலிலும் துணி வேண்டும். உறைப்பும் உப்பும் தின்னக்கூடாது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று நாங்கள் நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டோம். நல்ல நேரம் வருவதற்குள் வெயில் வந்துவிட்டது. அத்தை பட்டுச்சேலையில் வந்தாள். அண்ணன் புதுச்செருப்புப் போட்டிருந்தான். அது குத்துக்கல்வலசை தாண்டுவதற்குள் அவன் கைக்கு வந்துவிட்டது. ஒரு உடைமரத்தின் அரை நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றை வழித்துத் தின்றோம். மாமா வாய் மூடவே இல்லை.

இலத்தூர்க் குளத்தில் தண்ணீர் இருக்கும் என்றார். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. குளத்தில் இருந்தது வெடித்த களியும் ஒரு நாயும். நாய் எங்களைப் பார்த்துவிட்டு, இவர்களிடமும் இல்லை என்று புரிந்துகொண்ட மாதிரி எழுந்து போனது.

"மேக்கே ஓடை இருக்கு" என்றார் மாமா. ஓடை இருந்தது. மணலாக இருந்தது. கால் வைத்தால் சுட்டது.

முதல் ஆரஞ்சை உரித்தவர் மாமாதான். "ஒண்ணு கொறஞ்சா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார். ஒன்று குறைந்தால் தெரியாது என்றால் இரண்டு குறைந்தாலும் தெரியாது என்று அத்தை கணக்குப் போட்டாள். சுளைகள் போனதும் தோலைக் கடித்தோம். அத்தை கற்கண்டை வாயில் போட்டாள். நாக்கு இன்னும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் தேங்காய்களைப் பாறையில் உடைத்தோம். பெண்ணுக்குக் கொண்டுபோகிற தேங்காயை முள்காட்டுக்கு நடுவில் உடைக்கும்போது அத்தை சாமி கும்பிட்டுக்கொண்டாள், எந்தச் சாமியை என்று தெரியவில்லை. அண்ணன் தன் பங்கை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் அதற்குள் குடித்துவிட்டது. மல்லிகையைச் சுற்றியிருந்த ஈரத்துணியை யாரும் பார்க்காதபோது நான் சப்பினேன். அது அத்தைக்கு எப்படித் தெரிந்ததோ, பிடுங்கி அவளும் சப்பினாள்.

இத்தனைக்கும் எனக்குப் பயம் வரவில்லை. மாமா பேச்சை நிறுத்தினாரே, அப்போதுதான் வந்தது. ஒரு கள்ளிப்புதரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வேர்வையும் நின்றிருந்தது. அண்ணன் வேட்டியைக் கிழித்து அத்தையின் காலில் சுற்றிவிட்டு, மாமாவைத் தோளில் சாய்த்துக்கொண்டான். இன்னும் எவ்வளவு தூரம்? மலை எதிரே நின்றது, ஆனால் போகப் போகத் தள்ளிப் போனது. திருவிதாங்கூருக்கு வந்துவிட்டோமா, வெள்ளைக்காரன் சீமையிலேயே சுற்றுகிறோமா என்றும் தெரியவில்லை. எந்த ராஜாவின் மண்ணில் சாகப்போகிறோம் என்றுகூடத் தெரியாமல் சாவதா என்று எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் ஒரு ஓலைக்கொட்டகையின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு புளியமரம், அதன் அடியில் மண்பானை. நாலு பேரும் விழுந்தடித்து ஓடினோம். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சவுக்கைச் சேவகன்.

ஊரையே சுற்றி, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதன் முதுகில் வந்து முட்டியிருக்கிறோம்.

சேவகன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். கிழிந்த வேட்டி, பட்டுச்சேலை, கையில் செருப்பு.

"பாதையில வராம காட்டு வழியா வாறீயளே, பொகையிலையா?"

"கோயிலுக்கு..." என்று மாமா முனகினார்.

"எந்தக் கோயிலுக்கு?"

மாமாவால் ஒரு கோயிலைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. பொய் சொல்வதற்கும் வாயில் ஈரம் வேண்டும் போலிருக்கிறது. அண்ணன்தான், "பொண்ணு பாக்கப் போறோம் அண்ணாச்சி. மொதல்ல இவுகளுக்குத் தண்ணி குடுங்க" என்று எந்த வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னான். சேவகன் உடனே சிரட்டையில் மொண்டு கொடுத்தான். மடமடவென்று குடிக்கவிடவில்லை. கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்து, மாமாவின் தலையில் ஈரத்துண்டைப் போட்டான். "சாரமில்லே, பரவாயில்ல, மெதுவாக் குடிங்க" என்று மலையாளமும் தமிழுமாகத் தேற்றினான். நல்ல மனிதன். ஆனால் நாங்கள் சிரட்டையைக் கீழே வைப்பதற்குள், அத்தை புலம்பிய தேங்காய்க் கதை உட்பட எல்லாவற்றையும் வண்டியில் போன ஒருவனிடம் சொல்லி அனுப்பிவிட்டான்.

நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது தெருவே வாசலில் நின்றது. "சீர்த் தேங்காயத் தின்னவுக இவுகதான்" என்று ஒரு பெண் இன்னொருத்திக்குக் காட்டினாள். பெண் வீட்டுக் கூடத்தில் தாம்பாளத்தில் வைக்க எங்களிடம் வாடிய வெற்றிலையும் பாக்கும்தான் மிச்சம். மாமாவுக்குத் தண்ணீர் உள்ளே போனதும் உயிர் வந்துவிட்டது. தொண்டையைச் செருமி, "எங்க ஊர்ல அருவின்னா..." என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

பெண்ணின் தகப்பனார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கோபக்காரர் இல்லை. நிதானமாகப் பேசினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. பங்குனி வெயில்ல ஒரு செம்புத் தண்ணி இல்லாம ரெண்டு பொம்பளையளப் பொட்டல்ல கூட்டிட்டு வந்திருக்கீய. ஒங்களுக்கு நான் எதை நம்பிப் பொண்ணக் குடுக்க?"

நாலாவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் எழுந்தான்.

"நீங்க சொல்லுதது சரி. புத்தியில்லாமத்தான் வந்தோம். மாமாவப் பேசவிட்டுட்டு நான் சும்மா நின்னேன், அது என் தப்பு. ஒங்க பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு. நான் வக்கீல் இல்ல, குமாஸ்தா. அருவியும் கெடையாது. வேண்டாம்னா வருத்தமில்லன்னு சொல்லமாட்டேன். வருத்தந்தான். மாமாவும் இவுகளும் வண்டி பிடிச்சு வரட்டும், நான் வாறேன்."

என் அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. புண்ணான காலைச் சிரமப்பட்டுச் செருப்பில் நுழைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். வெளியே வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரும் அவனைத் தடுக்கவில்லை.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, வெயில் தாழப் போவச் சொல்லுங்க. இந்நேரம் பொட்டல்ல எறங்கினா அவுக ஊர் போய்ச் சேரமாட்டாவ."

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதே கிடையாது. தகப்பனார் கதவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் அண்ணனின் கையைப் பிடித்தார்.

"உள்ள வந்து உக்காருங்க மாப்ள" என்றார்.

அண்ணன் உள்ளே வந்தும் நின்றுகொண்டே இருந்தான். நான்தான் போய்த் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.