செந்தண்ணீர் என்று சொன்னேன்

எண்பதுகளில், தென்காசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. அதில் அக்கா மூன்றே நிமிடம் பேசியதை நினைத்தால் இன்றும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அக்காவுக்குச் சென்னையில் ஆராய்ச்சி வேலை. கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் படம் பிடிக்கும். அந்த நிறத்தை வைத்துக் கரையோரக் கடல் நலமாக இருக்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும். அன்று கைக்கு வந்த படத்தில், தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் பழுப்பாக ஒரு திட்டு. ஆற்றுச் சேறென்றால் கவலையில்லை. பாசி பெருகியிருந்தால் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். உடனே படகு அனுப்பித் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும். குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாகித் தாமிரபரணியில்தான் சேர்கிறது. அருவியில் மண் கரைந்த செந்தண்ணீர் விழுந்திருந்தால், அந்தத் திட்டு வெறும் சேறுதான். ஆனால் படத்தில் மலைப்பக்கம் முழுக்க மேகம். அதனால் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே தம்பி, போன வாரம் அருவியில தண்ணி எப்படி விழுந்துச்சு? செந்தண்ணியா?"

"அதை ஏன்க்கா கேக்க, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. செந்தண்ணியேதான். பிள்ளைகளைக் கூட்டிட்டு வா."

நான் அருவிப் பக்கம் போய் இருபது நாளாகியிருந்தது. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. வெளியூரிலிருந்து யார் கேட்டாலும், அருவி நூலாக ஒழுகினாலும், சீசன் அமர்க்களம் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். குற்றாலத்தை விட்டுக்கொடுக்க எங்களுக்கு வாய் வராது.

என் பேச்சை நம்பி, அது சேறுதான் என்று அக்கா விட்டுவிட்டாள்; படகு போகவில்லை. சில நாளில் மீன்கள் செத்துக் கரையில் குவிந்தன. அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது கடல் தெளிந்துவிட்டிருந்தது. "முன்கூட்டியே படத்துல பாத்தீயளாமே, ஏம்மா சொல்லல?" என்று மீன்காரப் பெண்கள் கேட்டார்களாம். அங்கிருந்து நேரே குற்றாலம் வந்து, அருவியில் குளிப்பவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சியிடம் விசாரித்திருக்கிறாள். "இந்த மாசம் பூரா சாரல் மட்டுந்தாம்மா. தண்ணியே இல்லை" என்றாராம்.

வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டாள். "நீ போய்ப் பாத்தியாலே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு அவள் திட்டியிருந்தால் தேவலை. கைகால் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த சீசனில், சாரலில் நனைந்துகொண்டு தினமும் குற்றாலத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். தண்ணீர் எவ்வளவு, என்ன நிறம் என்று பார்த்தபடியே தபால் கார்டில் எழுதி அக்காவுக்குப் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பொங்கலுக்கு அக்கா வந்தபோது, கார்டெல்லாம் வருகிறதா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"எல்லாம் வருதுலே" என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். "படிச்சிட்டு, தினமும் அருவிக்குப் போற மேலகரத்து மாமாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."