கோடு கிழித்த பெயர்

மாடியில் துணி காயப்போடும் கொடியில் துணியே இல்லை. கிளிப்புகளை மட்டும் மாட்டிக்கொண்டே நடக்கிறாள் வினோதினி. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள். வெப்சைட் வேலை ஒன்று புதிதாக வந்தால் இதுதான் அவள் யோசிக்கிற விதம். பழைய முறைக்கு ஒரு நியாயம் தோன்றினால் பச்சை, ஹெட்லெஸ் என்கிற புது முறைக்குத் தோன்றினால் மஞ்சள். என் புடவை ஈரத்தோடு வாளியில் கிடக்கும். "கொஞ்சம் இரு ஆயா, முடிவாவட்டும்" என்பாள்.

சிதம்பரத்தில் என் வீட்டு மாடியறைக்கு அவள் வந்து ஐந்து வருஷம். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி, வயது முப்பத்தாறு. தண்ணீர்கூட நின்றுகொண்டே குடிப்பாள். போனில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். வேலை கொடுக்கிறவரிடம் அவளுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தெனம் டைப் பண்றது யாருங்க? அவுங்கள நான் பாக்கணும்." பண்ருட்டி முந்திரி மண்டியோ கடலூர் மீன் கம்பெனியோ, டைப் செய்கிறவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுத்தான் கொடிக்கு வருவாள்.

எனக்கு அவள் விளக்கியது இவ்வளவுதான். பழைய முறையில் எழுதுகிற இடமும் ஜனங்கள் பார்க்கிற பக்கமும் சேர்ந்தே இருக்கும். எழுதியது எப்படித் தெரிகிறது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஹெட்லெஸ்ஸில் எழுதுகிற இடம் தனி. ஒரு தடவை எழுதினால் வெப்சைட், போன், சுவரில் மாட்டிய டிவி என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். அங்கே எந்த உருவத்தில் நிற்கிறது என்று எழுதினவருக்குத் தெரியாது.

"அப்ப கண்ணக் கட்டிக்கிட்டுப் பரிமாறுற மாதிரிதானே?" என்றேன்.

"வேகம் ஜாஸ்தி ஆயா" என்று சிரித்தாள். நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன தை மாதம் இங்கேயுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்ற பட்டியல். எட்டு வருஷமாக அதை டைப் செய்கிறவள் வரவேற்பில் இருக்கும் அமிர்தம். வினோதினி ஒரு திங்கட்கிழமை முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு எல்லா டாக்டரும் வந்துவிட்டார்கள். கொடியில் மஞ்சள் கிளிப் கூடியது; ஹெட்லெஸ்ஸிலேயே செய்து கொடுத்தாள்.

டாக்டர் வராத நாளில் அமிர்தம் அவர் பெயரை அழிக்க மாட்டாள். நல்லபடியாக இருக்கிற மனுஷன் பெயரை அழிப்பதாவது என்று அவளுக்குக் கூச்சம். குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவாள். பழைய பக்கத்தில் அந்தக் கோடு அப்படியே தெரிந்தது. புதியதில் எழுத்து மட்டும்தான் போனது. கோடு போகவில்லை.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே இதய டாக்டர் பெயரில் கோடு இழுத்துவிட்டு அமிர்தம் லீவில் போயிருந்தாள். போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் கிள்ளையிலிருந்து உத்திராபதி தன் மனைவி ராசம்மாளை அழைத்து வந்தார். மாற்றாக உட்கார்ந்திருந்த பெண் டிவியில் ஓடிய பட்டியலைப் பார்த்து, "வருவாருங்க, ஒக்காருங்க" என்றாள். வரமாட்டார் என்று தெரிந்து கடலூருக்கு வண்டி பிடித்தபோது சாயங்காலம். முட்லூர் தாண்டுவதற்குள் ராசம்மாள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி மேனேஜர் செம்பியன் வினோதினிக்குப் போன் செய்தார். "ஒரே வரிம்மா. ஸ்டாஃப் தப்பா என்ட்ரி போட்டுட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. அந்தம்மாவ அனுப்பிட்டு விஷயத்த முடிச்சுக்குறோம். நீங்க தொடர்ந்து வேலயப் பாருங்க."

அன்று மாலையே அமிர்தம் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். "என்ன வூட்டுக்குப் போவச் சொல்றாங்க பாப்பா. எட்டு வருஷமா அப்டித்தான போட்டேன்?" என்றாள்.

அந்த வரியை எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் நான் சொன்னேன். எனக்கு இவள் பிழைப்பு பெரிசு. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சொன்னாள்: "அவுங்க கோடு போட்டாங்க ஆயா. அத வழியில தொலச்சது நான். வராத நாள்ல என்ன பண்ணுவீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல."

தப்பு தன்னுடையது என்றே எழுதிக் கொடுத்தாள். அமிர்தத்தின் வேலை தப்பியது. இவளை வரவேண்டாம் என்றார்கள். கடலூர் கம்பெனியும் விஷயம் கேள்விப்பட்டு விலகிக்கொண்டது.

வேலையை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கிற நாளில் சர்க்கரை பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். 'இன்று வரமாட்டார்' என்று தனியாக ஒரு கட்டம் வைத்துக் கொடுத்திருந்தாள். அது சரியாகவே வேலை செய்தது. கிளம்பும்போது பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர், "இருதய டாக்டரு இன்னிக்கி வருவாராம்மா?" என்று கேட்டார். டிவி அவர் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பெயரும் நேரமும் அதில் இருந்தன. வினோதினி நிமிர்ந்து பார்க்கவில்லை. அமிர்தத்திடம் போய், அவள் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்கிற வரைக்கும் நின்றாள். திரும்பி வந்து, பெரியவர் காதருகே குனிந்து சொன்னாள்: "வராருங்க ஐயா. பதினொரு மணிக்கு."