ஐஸ் க்ரஷருக்கு நான் போட்ட ஒயர்

மோட்டாரின் பச்சைப் பட்டனை யாரும் அழுத்திக்கொண்டே நிற்பதில்லை. ஒருமுறை அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். பேனலுக்குள் இருக்கும் காண்டாக்டர் என்ற ஸ்விட்ச் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் அதை ஹோல்டிங் என்போம். கரண்ட் போனால் அந்தப் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. யாராவது மறுபடி பட்டனை அழுத்தவேண்டும். டிப்ளமோ முதல் வருடத் தேர்வில் இது பத்து மார்க் கேள்வி. எனக்குப் பத்தும் கிடைத்தது.

நான் வேலை செய்வது திருவொற்றியூரில் ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனியில். மோட்டார், பேனல், பம்ப் என்று எங்கே பழுது என்றாலும் போவோம். காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரி எங்கள் வாடிக்கை. மீன்பிடித் தடைக்காலம் முழுக்க அது மூடிக் கிடக்கும். கடல் காற்று அந்த இரண்டு மாதத்தில் செம்பு, பித்தளை எதையும் விட்டுவைக்காது. தடை முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது துறைமுகத்தில் அத்தனை விசைப்படகும் ஐஸுக்கு நிற்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தனியாகத்தான் போனேன். நோட்டில் ஐந்து வேலை எழுதியிருந்தேன். நான்கை மதியத்துக்குள் முடித்தேன். ஐந்தாவது க்ரஷர். பெரிய ஐஸ் பாளங்களைப் பல் வைத்த உருளையில் போட்டுத் தூளாக்கும் மெஷின். பச்சைப் பட்டனை அழுத்தினால் ஓடியது, விரலை எடுத்தால் நின்றது. திறந்து பார்த்தேன். ஹோல்டிங் காண்டாக்ட் பச்சை பூத்துக் கருகியிருந்தது. புதிது வாங்கப் பாரிமுனைக்குத்தான் போகவேண்டும். ஞாயிறு, எல்லாக் கடையும் மூடல்.

க்ரஷரை ஓட்டுகிறவர் முப்பத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் ஏப்ரனோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, இதுக்கு ஊசி போடணுமா, ஆபரேசனா?"

"ஆபரேஷன்தான்ணா. சாமான் நாளைக்குத்தான் கிடைக்கும்."

"நாளிக்கா? அங்க பாரு, படகுக்காரன்லாம் என்னிய ஒடைச்சி ஐஸா போட்டுப்பான்."

சுற்றி நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள், நானும். ஃபேக்டரி சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, எப்டியாவது இன்னிக்கு ஓட வெச்சிட்டுப் போ. மொதலாளி என் உயிர எடுக்கறாரு" என்றார்.

என் பையில் ஒரு திருகு ஸ்விட்ச் இருந்தது. ஆன், ஆஃப் இரண்டே நிலை. அதைப் பச்சைப் பட்டனுக்குக் குறுக்கே இரண்டு ஒயரால் இணைத்தேன். திருகினால் மோட்டார் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கரண்ட் போய் வந்தால், யாரும் தொடாமலே மறுபடி ஓடும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் போட்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன்: "சார், கரண்ட் போனா மொதல்ல இத ஆஃப் பண்ணிடணும். மறந்துடாதீங்க. நாளைக்கு வந்து மாத்திடறேன்." அவர் கேட்டுக்கொண்டார். நான் நோட்டில் 'சொல்லியாச்சு' என்று எழுதி டிக் போட்டேன். க்ரஷர்காரர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் நிற்கவில்லை.

அந்த ஃபேக்டரியில் ஒரு பழக்கம் இருந்தது. எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சீசனில் க்ரஷரை நிறுத்த விடமாட்டார்கள். உருளையின் பற்களில் சணலும் ஐஸ் கட்டியும் சிக்கினால் எடுக்க நேரம் கிடைக்காது. அதனால் கரண்ட் போகிற நேரம்தான் அவர்களுக்குச் சுத்தம் செய்கிற நேரம். கரண்ட் போனதும் எல்லோரும் பீடிக்கு வெளியே போவார்கள், க்ரஷர்காரர் மட்டும் உள்ளே கையை விட்டுச் சிக்கை எடுப்பார். பச்சைப் பட்டனை அழுத்தாமல் அது ஓடாது என்பது அவர் பல வருடமாகப் பார்த்து வைத்திருந்த உண்மை.

திங்கள் காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. சில நிமிடத்தில் வந்துவிட்டது.

நான் அப்போது பாரிமுனையில் புதிய காண்டாக்டரை வாங்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் போனில் சொன்னார். க்ரஷர்காரரின் வலது கை, நாலு விரல். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்களாம். "நீ ஒடனே கெளம்பி வா" என்றார்.

போனேன். தரையைக் கழுவியிருந்தார்கள். திருகு ஸ்விட்ச் நான் விட்டுப்போன இடத்தில், ஆன் நிலையிலேயே இருந்தது.

"அத்த எட்துட்டு பழையபடி பண்ணிடு. யாராவது வந்து பாத்தா உனுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு" என்றார் சூப்பர்வைசர்.

பண்ணினேன். ஒயரைக் கழற்றினேன், புது காண்டாக்டரைப் பொருத்தினேன், மெயினை நிறுத்திப் போட்டு இரண்டு முறை சோதித்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாளே கதை முடிவாகிவிட்டது. குடித்துவிட்டு வந்தான், ஓடுகிற மெஷினில் கையை விட்டான். லோடுமேன்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வெளியே நின்றிருந்தவர்கள் உள்ளே வந்து பார்த்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு என்ன நினைப்பார்கள்?

ஆறு வாரம் நான் போகவில்லை. எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் க்ரஷர்காரர் வீடு. ஒரு மாலை வேலை முடிந்து போனேன். கட்டு பிரித்திருந்தார்கள். கட்டைவிரல் மட்டும் தனியாக இருந்தது. மனைவி இறால் உரிக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"வா தங்கச்சி. இன்னா இவ்ளோ தூரம்?"

அவர் மனைவி என்னிடம்தான் பேசினார். "நீயே கேளும்மா. ராத்திரில எழுந்து குந்திக்கினு, நான் பட்டன அமுக்கல, அமுக்கலன்றாரு. பட்டன் அமுக்காம மிஷினு எப்டி ஓடும்? அப்பால அவரே, ஒருவேள அமுக்கிட்டனோன்றாரு."

நான் வரும் வழியில் சொல்லவேண்டியதை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "நீங்க அமுக்கலண்ணா. நான் போட்ட ஒயர். கரண்ட் வந்ததும் தானா ஓடிடுச்சு. உங்ககிட்ட சொல்லாமப் போயிட்டேன். அப்புறம் நானே அதக் கழட்டியும் போட்டுட்டேன்."

அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்விட்டார். பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

க்ரஷர்காரர் என் பக்கம் திரும்பினார். "இத்த அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்றேண்ணா."

"வாயால சொன்னா எவன் நம்புவான்? செஞ்சி காட்டு."

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஃபேக்டரிக்குப் போனோம். சூப்பர்வைசர் என்னைத் தனியாக இழுத்தார். "உனுக்கு இன்னா பைத்தியமா? ஒன் வேல போய்டும்." வேலை போனாலும் போகலாம் என்று தோன்றியது. லோடுமேன்கள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார்கள். என்ன செய்யப்போகிறேன் என்று அவர்களுக்குச் சொன்னேன். உருளைக்கு அருகில் யாரும் வராதபடி கயிறு கட்டினேன். மெயினை நிறுத்தி, அதே மாதிரி ஸ்விட்சை அதே இடத்தில் இணைத்து, ஆனில் வைத்தேன். பிறகு தள்ளிப் போய் மெயினைப் போட்டேன்.

பட்டன் அருகில் யாரும் இல்லை. காலி உருளை தானாகச் சுற்றியது.

"டேய், எவனும் தொடலடா" என்றான் ஒருவன். இன்னொருவன், "மாமு, நீ குடிச்சிருந்தனு நாந்தான் சொல்லிகினு திரிஞ்சேன்" என்றான். சூப்பர்வைசர் வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார்.

க்ரஷர்காரர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சட்டைக் கைக்குள் வலது கையை இழுத்துக்கொண்டு உருளையையே பார்த்தார். "நான் அமுக்கல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் நிறுத்தப் போனேன்.

"இரு" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."